உள்ளே பொம்பளைங்க இருக்கறாங்களா?

லைப்சிக் நகரத்தில் முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்காக நானும் அம்மாவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தோம். கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கடை வாசலிலும் அம்மா நிற்பாள், கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்ப்பாள், "இது வேண்டாங் கண்ணு" என்று நகர்ந்துவிடுவாள். அங்கே படித்துக்கொண்டிருந்த என் மகள், எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம், எங்கே சைவம் கிடைக்கும் என்று ஒரு பட்டியலைக் கைபேசியில் அனுப்பியிருந்தாள். அம்மா அதைச் சட்டை செய்யவில்லை. பசி பொறுக்காமல், "எதைத்தான் பாக்கற?" என்று கேட்டேன்.

"உள்ள பொம்பளைங்க இருக்கறாங்களான்னு பாக்கறேன். ரெண்டு பேராவது ஒக்காந்திருந்தாத்தான நாம போக முடியும்?"

அந்த மூன்று வாரமும் லைப்சிக், பெர்லின், ஹாம் என்று போன இடமெல்லாம் அம்மாவின் அளவுகோல் இதுதான். முதலில் சிரித்தேன். நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறவள். அந்தக் கேள்விக்குப் பின்னால் எழுபது வருடத்து வரலாறு இருக்கிறது என்பது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று.

எங்கள் ஊர் அன்னூர். கோயம்புத்தூர் - சத்தியமங்கலம் சாலையும் அவிநாசி - மேட்டுப்பாளையம் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். நாலு திசைக்கும் பஸ் போகிற ஊரில் கடைகளுக்குக் குறைவிருக்காது. ஆனால் என் பத்து வயது வரைக்கும் ஹோட்டல் என்பது எனக்கு ஒரு பொட்டலம்தான். அப்பா சந்தைக்குப் போய்விட்டு வரும்போது வாழையிலையில் வைத்து செய்தித்தாளில் மடித்து, நூல் சுற்றி வரும் மசால்தோசை. வீட்டுக்கு வரும்போது ஆறிப்போய் இலை வாசனை ஏறியிருக்கும். அது மேசைமேல் ஆவி பறக்க வைக்கப்படும் பொருள் என்பது எனக்குத் தெரியாது.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அறுபது வயதுக்குள் தான் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்ட சந்தர்ப்பங்களை அவள் விரல்விட்டு எண்ணிச் சொல்வாள். பழனிக்கு முடியிறக்கப் போனபோது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தபோது. என் கல்யாணத்துக்குப் பட்டெடுக்கப் போனபோது. கோயில், பிரசவம், கல்யாணம். இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் ஒரு பெண் வெளியே சாப்பிட வேண்டிய தேவை என்ன என்பதுதான் எங்கள் பக்கத்து நியாயம். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். பொது இடத்தில் நிற்கிற பெண் தான் ஏதோ காரியமாக வந்திருப்பதாக எப்போதும் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, சும்மா இருக்கும் உரிமை அவளுக்கு இல்லை என்பது அதன் வாதம். அம்மா அதைப் படித்ததில்லை. அவள் விரல்விட்டு எண்ணியதும் அதே கணக்குத்தான்.

அந்த மூன்று சந்தர்ப்பங்களிலும் அவள் உட்கார்ந்த இடம் ஃபேமிலி ரூம். ஹாலைத் தாண்டி, கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில், பலகைத் தடுப்பும் அழுக்குத் திரையும் போட்ட அறை. பெண்களின் வசதிக்காக வந்த ஏற்பாடு என்றுதான் சொல்வார்கள். நம்மில் பலருக்கு அது வசதியாகவும் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆண் எப்படி வந்தாலும் வாடிக்கையாளர். பெண் குடும்பமாக வந்தால்தான் வாடிக்கையாளர். தனியாக வந்தவளுக்கு ஹாலும் இல்லை, அறையும் இல்லை.

சாப்பாட்டுக் கடையில் யார் எங்கே உட்காரலாம் என்பது தமிழ்நாட்டில் தெருவுக்கு வந்து தீர்க்கப்பட்ட கேள்வி. காப்பி கிளப்புகள் பெருகிய காலத்தில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்பது சாதாரண நடைமுறை. தென்னிந்திய ரயில் நிலையங்களின் உணவகங்களிலேயே அந்தப் பிரிவு இருந்தது. பெரியாரும் அவரது இயக்கமும் விடாமல் எதிர்த்த பிறகு 1941-ல் அது நீக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்று போட்டுக்கொள்வது அதற்குப் பின்னும் தொடர்ந்தது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதாகிக்கொண்டே இருந்தார்கள்.

இடையில் 1950 ஜனவரி 26-ல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 15-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள் ஆகியவற்றுக்குள் செல்ல மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணங்களைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வகுப்பில் பல வருடம் இதை நடத்தியிருக்கிறேன். சாதி என்ற சொல்லில் நிறுத்தி விளக்குவேன். அதற்கு அடுத்தாற்போல் நிற்கும் 'பால்' என்ற சொல்லில் ஒருநாளும் நின்றதில்லை. ஹோட்டல் வாசலில் சாதியும் பாலும் ஒரே வரிசையில் நிற்கின்றன என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்கும் அது தெரியும், வேறுவிதமாக. நாங்கள் கவுண்டர் வீடு. "நம்ம பொண்டுபுள்ளைங்க கடையில திங்கறதில்ல" என்று ஆத்தா சொல்வார். அதில் இரண்டு பயம் இருந்தது. அந்நிய ஆண்கள் நம் பெண்ணைப் பார்ப்பார்கள் என்பது ஒன்று. யார் சமைத்தது, யார் தின்ற தட்டு என்று தெரியாது என்பது இன்னொன்று. ஆண்கள் வெளியே தின்றுவிட்டு வந்தால் சாதி கெடாது. பெண் தின்றால் கெடும். ஏனென்றால் சாதியைச் சமையலறையிலும் கருப்பையிலும் காத்துத் தர வேண்டியவள் அவள். என்னைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்த அதே 'சுத்தம்'தான் எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்களை டீக்கடைக்கு வெளியே குத்தவைக்கச் சொன்னது. எங்கள் பக்கத்து டீக்கடையொன்றில் அவர்களுக்கான கிளாஸ் தனியாக ஓலைச் செருகலில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும். 1955-லேயே தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இதைத் தண்டனைக்குரியதாக்கிவிட்டது. நான் பார்த்தது 1980-களில்.

பழங்கதை என்று தள்ள முடியவில்லை. 2018 ஜூலையில், எங்களுக்கு அருகே அவிநாசி வட்டாரத்தில் உள்ள திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் பெண்ணொருவர் சத்துணவு சமைக்க வந்தார். அவர் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் பள்ளி முன் திரண்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடம் மாற்றியது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. பெண் வெளியே சாப்பிடுவதைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எந்தப் பெண் என்ற கேள்வி கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இத்தனையையும் சுமந்துகொண்டுதான் அம்மா லைப்சிக் தெருவில் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பீர்க்கடையில் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தவள் அப்படியே திரும்பிவிட்டாள். வாசலையொட்டிய பெரிய மேசையைச் சுற்றி ஏழெட்டுக் கிழவர்கள். மேசை நடுவே பித்தளையில் ஒரு பெயர்த்தகடு. அது 'ஸ்டாம்டிஷ்', வாடிக்கையாக வருகிறவர்களுக்கென்றே ஒதுக்கிய மேசை என்று மகள் பிறகு விளக்கினாள். தலைமுறை தலைமுறையாக அது பெரும்பாலும் ஆண்களின் மேசை. அரசியல் பேசுவது, ஊர்வம்பு, யாரை ஊருக்குள் சேர்க்கலாம் என்று தீர்ப்புச் சொல்வது எல்லாம் அங்கேதான். அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "நம்மூரு டீக்கடை பெஞ்சாட்டமே இருக்குது" என்றாள்.

அந்த ஊரில் காபிக்கும் பெண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 1730-களில் லைப்சிக்கின் ஸிம்மர்மன் காபி இல்லத்தில் இசையமைப்பாளர் பாக் தன் குழுவோடு கச்சேரிகள் நடத்தினார். மதிப்பான குடும்பத்துப் பெண்கள் காபி இல்லத்தில் போய் உட்காருவது அன்று வழக்கமில்லை. அந்தக் காலத்தில் அவர் 'காபி கன்டாட்டா' என்று ஒரு வேடிக்கை இசைநாடகம் எழுதினார். மகளுக்குக் காபிப் பைத்தியம். விடச் சொல்லித் தகப்பன் மிரட்டுகிறார். வெளியே போகக் கூடாது, புதுப் பாவாடை கிடையாது என்கிறார். அவள் அசைவதில்லை. கடைசியில் காபியை விடாவிட்டால் கல்யாணமே கிடையாது என்கிறார். உடனே சம்மதிக்கிறாள். தகப்பன் மாப்பிள்ளை தேடக் கிளம்பியதும் இவள் ரகசியமாக ஊருக்குள் சொல்லியனுப்புகிறாள்: நினைத்தபோது காபி போட்டுக் குடிக்கலாம் என்று திருமண ஒப்பந்தத்தில் எழுதித் தருகிறவன்தான் என் வீட்டுப் படியேறலாம்.

அந்த இல்லம் இருந்த கட்டடம் 1943 குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. அது நின்ற தெருவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "கல்யாணத்துக்கு முன்னாலயே எழுதி வாங்கிக்கிட்டாளா? கெட்டிக்காரி" என்றாள். சித்தெ நேரம் கழித்து, "எனக்கெல்லாம் கேக்கறதுக்கு அப்படி ஒண்ணு இருக்குதுன்னே தெரியாது" என்றாள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன் பேசப்படுவது பவுனும் பூமியும்தான்.

எழுதி வாங்கினால் போதுமா என்பது வேறு கேள்வி. 1949-ல் மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்ற வரி இடம்பெற எலிசபெத் செல்பெர்ட் என்ற வழக்கறிஞர் பெரும் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. வரி வந்துவிட்டது. ஆனால் மனைவியின் வேலையைக் கணவன் நீதிமன்ற அனுமதியோடு ரத்து செய்யலாம் என்ற பழைய விதியை எடுக்கும் சட்டம் 1957-ல்தான் நிறைவேறியது, முரளி கபே மறியல் நடந்த அதே ஆண்டில். மனைவி வேலைக்குப் போவது குடும்பக் கடமைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை 1977 வரை நீடித்தது. ஐரோப்பாவில் பெண்கள் என்றைக்கும் சுதந்திரமாகத் திரிந்தவர்கள் என்று நான் நினைத்திருந்தேன். அம்மா எட்டிப் பார்த்த கடைகளில் தனியாக உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்த கிழவிகள் பலர் அந்த நிபந்தனை இருந்த நாட்டில் வளர்ந்தவர்களாக இருப்பார்கள்.

பெர்லினில் கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில் ஒரு துருக்கியக் கடை அம்மாவின் பரீட்சையில் தேறியது. முக்காடு போட்ட இரண்டு பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள், கல்லாவிலும் ஒரு பெண். 1961 ஒப்பந்தத்தின்படி வேலைக்கு ஆள் எடுத்தபோது துருக்கியிலிருந்து பெண்களும் வந்தார்கள், பெர்லினின் மின்கருவித் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். அந்தத் தலைமுறையின் பேத்தியாக இருக்கலாம் கல்லாவில் இருந்தவள். "இதென்ன கறிங்க?" என்று அம்மா தமிழிலேயே கேட்டாள். மாட்டுக்கறி பற்றிய பயம் அது. கறியில்லாத பருப்பு சூப்பும் ரொட்டியும் வாங்கினோம். "நம்ம பருப்பாட்டமே இருக்குது, சீரகம் கூட" என்று அம்மா இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தாள். பணத்தைத் தன் சுருக்குப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தாள். எழுபத்து மூன்று வயதில் சாப்பாட்டுக் கடையில் அவள் பணம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஷோனபெர்க் பகுதியில் நடந்தபோது விளக்குக் கம்பங்களில் சின்னப் பலகைகளைப் பார்த்தோம். ஒரு பக்கம் படம், மறுபக்கம் வாசகம். ஒன்றில் ரொட்டி படம் போட்டிருந்தது. பெர்லினில் யூதர்கள் மாலை நாலு மணி முதல் ஐந்து மணி வரை மட்டுமே உணவுப்பொருள் வாங்கலாம் என்று 1940 ஜூலையில் போட்ட உத்தரவு அதன் பின்னால். ரெனாட்டா ஸ்டீ, ஃப்ரீடர் ஷ்னாக் என்ற இரு கலைஞர்கள் 1993-ல் இப்படி எண்பது பலகைகளை அந்தப் பகுதி முழுக்க வைத்தார்கள். 1930-களில் யூதர்கள் வரவேண்டாம் என்று உணவு விடுதிகளின் வாசலிலேயே எழுதி வைத்திருந்த நாடு அது. அங்கே நடந்த படுகொலையையும் இங்கே உள்ள சாதியையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. பலகையை மட்டும் ஒப்பிடுகிறேன். அவர்கள் கழற்றிய பலகையை நினைவுக்காகத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வழியில். நாம் பெயிண்ட் அடித்து மூடிவிட்டோம். இந்த டீக்கடையில் தனி கிளாஸ் இருந்தது என்று சொல்லும் ஒரு பலகைகூட எங்கள் சாலையில் கிடையாது. அதனால்தான் "எங்க ஊர்ல அதெல்லாம் இருந்ததே இல்ல" என்று என் மாணவர்கள் என்னிடம் நிச்சயமாகச் சொல்கிறார்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், பொட்ஸ்டாமர் தெருவில், 'பெகினே' இருக்கிறது. 1986-லிருந்து பெண்களே பெண்களுக்காக நடத்தும் இடம். ஆண் துணையில்லாமல் உட்கார்ந்து குடிக்கவும் பேசவும் ஒரு மேசை வேண்டுமென்று 1970-களில் ஜெர்மன் பெண்ணியவாதிகள் உருவாக்கத் தொடங்கிய இடங்களின் வரிசையில் வருவது. மாலையில் போனோம். அம்மா வழக்கம்போல எட்டிப் பார்த்தாள். உள்ளே எல்லோரும் பெண்கள். "ஆம்பளைங்க ஒருத்தருமே இல்லியே, ஏதாச்சும் விசேசமா?" என்றாள். திரை இல்லாத அறையாக அதை அவளுக்கு விளங்க வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மகளோடு ஹாம் போனோம். அங்கே 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயிலில் அன்று தேர். எழுப்பியவர்கள் ஈழத்திலிருந்து போன அகதிகள். திருவிழாக் கடையொன்றில் எங்களுக்குக் கொத்துரொட்டி கொடுத்த அம்மா, "இருங்கோ, ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்று நாற்காலி இழுத்துப் போட்டார். பேச்சு வளர்ந்தது. "எங்கட ஆம்பிளையள் ரெஸ்டாரண்டுகளில கோப்பை கழுவித்தான் இஞ்ச காலூன்றினவை" என்றார். பிறகு தன் முகாம் காலத்தைச் சொன்னார். அகதிகளுக்குப் பணமாகக் கொடுக்காமல் பொருளாகக் கொடுப்பதற்கு 1993 சட்டம் முன்னுரிமை தந்தது. பெட்டியில் என்ன வருகிறதோ அதைத்தான் சமைக்க வேண்டும். மிளகாய்த்தூள் வராது. "சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனா என்ன சாப்பிடுறதெண்டு நான் சொல்லேலாது."

திரும்பும் ரயிலில் எனக்கு எங்கள் பக்கத்து நூற்பாலை விடுதிகள் நினைவுக்கு வந்தன. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் தென்மாவட்டங்களிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கூட்டிவரப்பட்ட பெண்பிள்ளைகள் மூன்று வருடம் வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. அதுவரை விடுதிக் கதவும் விடுதிச் சோறும். வாரத்தில் ஒருநாள் கூட்டமாகக் கடைவீதிக்கு அழைத்துப் போனால், கூட ஒரு மேற்பார்வையாளர். திருப்பூர் பனியனை ஜெர்மனியில் விற்கிறார்கள். அதன் நூலை நூற்ற பிள்ளை அன்னூர் முக்கில் தனியாக ஒரு டீ குடித்திருக்கமாட்டாள்.

ஊருக்கு வந்த பத்தாம் நாள், அம்மாவும் நானும் அன்னூரில் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். "ஃபேமிலி ரூம் அந்தப் பக்கமுங்க" என்று பையன் கைகாட்டினான். அம்மா ஹாலிலேயே, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். உள்ளே வேறு பெண்கள் யாரும் இல்லை. அவள் எட்டிப் பார்க்கவுமில்லை.

இந்தக் கட்டுரையை நான் அங்கே முடித்துவிட நினைத்தேன். முடியவில்லை. எங்கள் தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை செய்தவர் ஒருவர் இருக்கிறார். அம்மாவைவிட இரண்டு வயது மூத்தவர். சின்னப் பிள்ளையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் நான். அவருக்கான டம்ளர் இன்றைக்கும் மாட்டுக்கொட்டகைச் சுவர்ப்பொந்தில் இருக்கிறது. போன மாதம் அவரிடம், "ஹோட்டலுக்குப் போலாம் வாங்க, நாம மூணு பேரும்" என்றேன். அவர் சிரித்தார்.

"ஓட்டலு என்னத்துக்குங்க அம்மிணி. காசு குடுத்தா அங்க இப்ப யாரு வேணும்னாலும் ஒக்காரலாமுங்க. எனக்கு உங்க ஊட்டுக்குள்ள ஒக்காந்து ஒரு வாய் காப்பி குடிக்கோணும்."

எங்கே சாப்பிடுவது என்று அவர் தேர்ந்தெடுத்துவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்பில் பால் வைத்தாள். அலமாரியிலிருந்து மூன்று டம்ளர் எடுத்தது நான். மூன்று பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து குடித்தோம். அதற்குப் பிறகு அவர் இரண்டு தடவை வந்துவிட்டார். அம்மா காபி போட்டுத் தருகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாள். அந்த டம்ளரைக் கழுவுவது மட்டும் இன்னும் நான்தான். அம்மா அதைத் தொடவில்லை. கொட்டகைப் பொந்தில் இருக்கும் டம்ளரையும் இன்னும் யாரும் எடுத்து எறியவில்லை.